மார்மன் சபைக்கு ஏன் ஒரு மைக்கேலாஞ்சலோ இல்லை?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: அமெரிக்காவின் யூட்டாவுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள், 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய மார்மன் சபையைச் சேர்ந்த நண்பர்களின் வீட்டுக்கும் அவர்களுடைய சபைக் கூடத்துக்கும் போய்வருகிறீர்கள், எங்கே பார்த்தாலும் அதே சிவப்பு அங்கி இயேசு, அதே மெருகு, காலண்டர் படம் மாதிரி. இவ்வளவு பணமும் ஒழுங்கும் உள்ள ஒரு மதத்தில் மைக்கேலாஞ்சலோ மாதிரி ஒருத்தர் ஏன் வரவில்லை, இனிமேலாவது வருவாரா? கூடவே, புது வீடு கட்டியிருக்கும் நண்பருக்கு ஒரு படம் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் திறமையைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்தது அவர்களுடைய ஓவியர்களின் திறமையை இல்லை, ஒரு தேர்வுக் குழுவின் ரசனையை. எந்தப் படம் சுவருக்கு வரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், எதற்காக அப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் கேள்வி.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் மார்மன் இல்லை. அமெரிக்க ஓவிய வரலாறு படித்தவன், அருங்காட்சியகங்களில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்புகளை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் பிழைப்பு, அந்த வேலையில் யூட்டா ஓவியர்கள் அடிக்கடி கைக்கு வந்தார்கள். அவர்களுடைய கோயில்களுக்குள் உறுப்பினர் அல்லாதவர்கள் பிரதிஷ்டைக்கு முந்தைய திறப்பு நாட்களில் மட்டும்தான் போகலாம், எனக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே கோயில் சுவர்ச் சித்திரங்களைப் பற்றி நான் சொல்வது புகைப்படங்களை வைத்துச் சொல்வது. அப்புறம், சபை 2018-லிருந்து 'மார்மன்' என்ற பெயரை விட்டுவிடச் சொல்லிவருகிறது, நண்பரிடம் பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் பார்த்த படங்கள். சிவப்பு அங்கி அணிந்து நேராக நம்மைப் பார்க்கும் அந்த இயேசு, டெல் பார்சன் என்ற யூட்டா ஓவியர் 1983-ல் வரைந்தது, அவர் மார்மன்தான். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கும் மற்ற படங்களின் பெயரட்டையைப் படித்துப் பாருங்கள். கெத்செமனே தோட்டத்தில் பாறைமேல் கை கோத்து ஜெபிப்பதும், பணக்கார இளைஞனிடம் பேசுவதும் ஹைன்ரிஹ் ஹாஃப்மன் வரைந்தவை, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். குளத்தருகே நோயாளியின் மேலே கட்டியிருக்கும் துணியைத் தூக்கிப் பார்க்கும் இயேசு கார்ல் ப்ளோக் வரைந்தது, டென்மார்க்காரர், லூத்தரன். வெள்ளை அங்கியில் வானத்திலிருந்து இறங்கும் இரண்டாம் வருகைப் படம் ஹாரி ஆண்டர்சனுடையது, அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட். தங்கள் வேதத்தை, தங்கள் தீர்க்கதரிசியை, தங்கள் கோயிலை எல்லாம் புதிதாகவே உண்டாக்கிக்கொண்ட ஒரு சபை, இயேசுவின் முகத்தை மட்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறது.

நீங்கள் மைக்கேலாஞ்சலோ பெயரைச் சொன்னதால் ஒரு விஷயம். 1964-ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. வாட்டிகன் தன் அரங்குக்கு மைக்கேலாஞ்சலோவின் 'பியத்தா' சிலையையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. மார்மன் அரங்கில் நின்றது தொர்வால்சன் என்ற டேனிஷ் சிற்பியின் கிறிஸ்து சிலையின் பளிங்குப் பிரதி. மூலச்சிலை கோபன்ஹேகனில் ஒரு லூத்தரன் பேராலயத்தில் இருக்கிறது. தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று ஊருக்குக் காட்ட வேண்டிய இடத்தில், பார்த்தவுடன் யாரும் சந்தேகப்படாத ஓர் உருவம் தேவைப்பட்டது, அது கிடைத்தது. 2020 ஏப்ரலில் அதே சிலையின் உருவத்தைத்தான் சபை தன் அதிகாரபூர்வச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நல்ல சிலைதான். ஆனால் 'நமக்கு என்ன மாதிரிப் படம் வேண்டும்' என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் தரும் பதில் அதில் தெரிகிறது: அடையாளம் தெரிய வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், யாரையும் உறுத்தக் கூடாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சி. சி. ஏ. கிறிஸ்டென்சன் என்று ஒருவர் இருந்தார். கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் படித்தவர், மதம் மாறி, 1857-ல் கைவண்டியை இழுத்துக்கொண்டு சமவெளியைக் கடந்து யூட்டா வந்து சேர்ந்தவர். சபை துரத்தப்பட்ட கதையை ஆளுயரத்தைவிடப் பெரிய திரைச்சீலைகளில் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தைத்து, ஒரு கட்டையில் சுற்றி, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போனார். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு காட்சியாக உருட்டிக் காட்டி, பக்கத்தில் நின்று கதை சொல்வார். இன்று 22 காட்சிகள் மிஞ்சியிருக்கின்றன. மனித உடம்பை வரைவதில் அவருக்குத் தடுமாற்றம் உண்டு, முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் மிசிசிப்பி ஆற்றைப் பனிக்கட்டியின் மேல் கடக்கும் காட்சியைப் பாருங்கள். சாம்பல் வெளுப்பு, அதில் சின்னச் சின்னதாக வண்டிகள், எங்கே போகிறோம் என்று தெரியாத ஒரு வரிசை. தானே நடந்து வந்தவன் கையிலிருந்து வந்த படம் அது. 1970-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இவற்றைக் காட்சிக்கு வைத்தது. வைத்தவர்கள் பக்திக்காக வைக்கவில்லை, படம் நன்றாக இருந்ததால் வைத்தார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் விசேஷம். 1890-ல் சபையின் நிலைமை படுமோசம். பலதார மணத்துக்காக அமெரிக்க அரசு சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டம் போட்டு, அந்த வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே வருஷம், ஜான் ஹாஃபன், லோரஸ் பிராட், ஜான் ஃபேர்பாங்க்ஸ் ஆகிய ஓவியர்களைச் சபை தன் செலவில் பாரிசுக்கு அனுப்பியது. எட்வின் எவன்சும் ஹெர்மன் ஹாகும் பின்னாலேயே போனார்கள். ஊழியக்காரர்களாகவே நியமனம், ஆனால் வேலை பிரசங்கம் இல்லை, ஜூலியன் கலைக்கழகத்தில் உட்கார்ந்து வரையக் கற்றுக்கொள்வது. நாற்பது வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த சால்ட் லேக் கோயிலின் உள்சுவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. திரும்பி வந்து வரைந்தார்கள், 1893-ல் கோயில் பிரதிஷ்டை ஆனது. கையில் காசில்லாத நேரத்தில் ஒரு மதம் தன் ஓவியர்களைப் பாரிசுக்கு அனுப்பியதற்கு இணையான சம்பவம் அமெரிக்க மத வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஆனால் கோயில் முடிந்ததும் வேலையும் முடிந்தது. அந்தக் குழுவில் மிகச் சிறந்தவர் ஹாஃபன், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், மலையடிவார ஓடைகளையும் மரங்களையும் ஈரம் காயாமல் வரைந்தவர். பெரிய குடும்பம், கடன், படங்களுக்குப் பதிலாகச் சபையிலிருந்து கொஞ்ச காலம் உதவி, அப்புறம் அதுவும் நின்றது. வாங்க ஆளில்லாமல் இந்தியானா வரை போய், அங்கே பெயர் கிடைக்க ஆரம்பித்த நேரத்தில் 1910-ல் இறந்துபோனார். போவதற்கு முன் ஸ்பிரிங்வில் ஊர்ப் பள்ளிக்கு ஒரு படம் கொடுத்தார், அதைத் தொடர்ந்து மற்றவர்களும் கொடுக்க, அதுவே வளர்ந்து இன்று அந்த ஊர்க் கலை அருங்காட்சியகமாக நிற்கிறது. உங்கள் வேலை லீஹை பக்கம் என்றால் அரை மணிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மினெர்வா டைகெர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கில் இந்த மரபின் உச்சம் அவர்தான். 1888-ல் பிறந்தவர். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் படித்தவர், நியூயார்க்கில் ராபர்ட் ஹென்றி என்ற ஓவியரிடம். 'உங்கள் மார்மன் கதையை யாராவது உருப்படியாக வரைந்திருக்கிறார்களா' என்று ஹென்றி கேட்டதே தன்னைத் திருப்பிவிட்டது என்று டைகெர்ட் பின்னால் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வயோமிங்கில் கோக்வில் என்ற சின்ன ஊரில் மாட்டுப் பண்ணை, ஐந்து பிள்ளைகள். ஓவியக்கூடம் கிடையாது. வீட்டுக் கூடத்துச் சுவரில் துணியை அடித்து, சுவர் போதாவிட்டால் மடித்துவிட்டு, சமையலுக்கு நடுவில் வரைந்தார். பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்க்க அறையில் இடமில்லை, அதனால் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொள்வார். அவருடைய படங்களை நெருங்கிப் பாருங்கள்: முகத்தில் நேரம் செலவழிப்பதே இல்லை, இரண்டு மூன்று தூரிகைத் தடங்களோடு சரி. உடம்பு திரும்பும் விதம், துணி பறக்கும் திசை, ஓரத்தில் எங்கேயோ சுண்டி இழுக்கும் ஒரு சிவப்பு, இவைதான் கதை சொல்லும். பெண்கள் நிறைய. அவர்களுடைய தனி வேதமான மார்மன் புத்தகத்தில் பெயரோடு வரும் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அந்தப் புத்தகத்துக்கு வரைந்த படங்களில் அவர் எங்கெங்கோ பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அந்த வரிசை மொத்தம் 42 படங்கள், 1949-லிருந்து 1951 வரை வரைந்தது. புத்தகமாகப் போட யாரும் முன்வரவில்லை. 1969-ல் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்துக்கே படங்களைக் கொடுத்துச் சமாளித்தவர் அவர். 1976-ல் இறந்தபோது வெளியே அதிகம் பேருக்கு அவரைத் தெரியாது.

டைகெர்ட்டை வேண்டாம் என்று விட்ட அதே காலத்தில் சபையின் கண்ணில் பட்டவர் ஆர்னால்ட் ஃபிரிபர்க். குழந்தைகள் பத்திரிகைக்காக மார்மன் புத்தகத்திலிருந்து 12 காட்சிகள் வரையச் சொன்னார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டெமில் அவரைத் தன் 'பத்துக் கட்டளைகள்' படத்துக்கு அழைத்துக்கொண்டார் என்பார்கள். 1956-ல் வந்த அந்தப் படத்தின் ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அபினதாய் என்ற தீர்க்கதரிசி நோவா ராஜாவின் முன்னால் நிற்கும் படத்தைப் பாருங்கள்: சங்கிலி பூட்டிய கிழவர், ஆனால் தோளும் மார்பும் மல்யுத்த வீரனுடையவை, சிம்மாசனத்தில் ஊளைச்சதை ராஜா, காலடியில் சிறுத்தைகள் உறுமுகின்றன. தொழில்நுட்பம் அபாரம், குறை சொல்லவே முடியாது. சிக்கல் வேறு. வேத உரையில் அபினதாய் கிழவர் என்று எங்கேயும் இல்லை. பல பத்தாண்டுகள் இந்தப் படங்கள் புத்தகத்தின் பிரதிகளிலேயே அச்சாகி வந்ததால், இன்று எந்த மார்மனைக் கேட்டாலும் அபினதாய்க்கு வெள்ளைத் தாடி. படம் வேதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானது பதிவுகளில் இருப்பது. இனி வருவது என் வாசிப்பு, மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு.

ஒரே ஒரு கொள்முதல் நிலையம் உள்ள ஊரில் விவசாயி எந்த ரகம் நடுவான் என்று கேட்கவே வேண்டாம். 1960-களில் சபை உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியபோது பாடப்புத்தகம், பத்திரிகை, கட்டடம் எல்லாவற்றையும் சால்ட் லேக் தலைமையகத்தின் ஒரே மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார்கள். டோங்காவிலும் பெருவிலும் ஒரே பாடம், ஒரே படம். அதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு, நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஓவியருக்கு என்ன ஆனது என்றால், பெரிய வாங்குபவர் ஒருவர்தான், அவருக்கு வேண்டியது பாடத்துக்கு ஒரு விளக்கப்படம். ஆராதனைக் கூடத்துக்குள் படமே வைக்கக் கூடாது என்பது விதி, வெளித் தாழ்வாரம்தான் மிச்சம். 2020-ல் அந்தத் தாழ்வாரங்களுக்கும் ஒரு பட்டியல் வந்தது: நுழைவாயிலில் கிறிஸ்துவின் படங்களே இருக்க வேண்டும், இந்த இருபத்துச் சொச்சம் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நீங்கள் எல்லாக் கூடத்திலும் ஒரே படத்தைப் பார்ப்பதற்கு நேரடிக் காரணம் அதுதான். சரி, வீடுகள்? வீடுகளுக்கு அச்சுப்படம் விற்கும் பெரிய கடைத்தொடர் டெசரெட் புக், அதுவும் சபையுடையதே.

இன்னொரு காரணம் இறையியலில் இருக்கிறது. அதிகம் பேர் இதைத் தொடுவதில்லை. மார்மன்களின் பிதாவுக்கு உடம்பு உண்டு, மனிதனுடையதைப் போலவே சதையும் எலும்புமான உடம்பு, அது அவர்களுடைய வேதத்திலேயே எழுதியிருக்கிறது. 1820-ல் நியூயார்க் மாநிலத்து மரத்தோப்பு ஒன்றில் ஜோசப் ஸ்மித் பிதாவையும் குமாரனையும் இரண்டு ஆட்களாகக் கண்ணால் பார்த்தார் என்பது அவர்களுக்கு உருவகம் கிடையாது, நடந்த சம்பவம். அப்படி நம்புகிறவர்களுக்கு ஓவியம் என்றால் இல்லாத கேமராவுக்குப் பதில். புகைப்படம் மாதிரி இருக்க இருக்க நம்பிக்கைக்குப் பக்கத்தில் போகிறோம் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அரூபமும் திரிபும் சந்தேகத்தின் வாடை அடிக்கும்.

அந்த எண்ணத்துக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மார்மன் புத்தகத்தைத் தான் மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன மூலம் தங்கத் தகடுகள். அவர் அந்தத் தகடுகளை மேஜைமேல் விரித்து விரலால் தொட்டு வாசிக்கிற மாதிரிதான் படங்கள் எல்லாம் காட்டிவந்தன. கூட இருந்தவர்கள் விட்டுச்சென்ற சாட்சியமோ, அவர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்து, சொல்லச் சொல்ல எழுதினார்கள் என்பது. 2015 ஆகஸ்டில் சபையே அந்தக் கல்லின் புகைப்படத்தை வெளியிட்டது. வரலாற்றாசிரியர்களுக்கு அது புதிதில்லை. சாதாரண உறுப்பினர்கள் பலருக்கு அதிர்ச்சி, அவர்களில் நிறையப் பேர் கேட்டது 'எனக்கு ஏன் இந்தப் படத்தை யாரும் காட்டவில்லை' என்று. உருவகமாக வரைந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சாட்சி மாதிரி வரைந்தார்கள், பொய்ச்சாட்சி ஆகிவிட்டது.

வரைய ஆளில்லை என்பதும் சரியில்லை. 1960-களிலும் 70-களிலும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சுற்றி 'கலையும் நம்பிக்கையும்' என்ற பெயரில் ஒரு கூட்டம் திரண்டது. டென்னிஸ் ஸ்மித், கேரி ஸ்மித், ரொடீஷியாவிலிருந்து வந்த ட்ரெவர் சதே. உடம்பு புனிதமானது என்று சொல்லும் மதத்தில் சதே உடம்பை நிர்வாணமாக வரைந்தார். சால்ட் லேக் விமான நிலையத்தில் இருந்த அவருடைய படத்தை எதிர்ப்புக்குப் பயந்து 1981-ல் கழற்றினார்கள். பின்னால் அவர் தன்னை ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி, சபையிலிருந்தும் விலகிப் போனார். இந்த மரபின் முக்கியமான பெயர்களில் கணிசமானவை சபையின் விளிம்பிலோ விளிம்புக்கு வெளியிலோதான் போய் முடிகின்றன.

சபையின் தலைவர்களும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். 1888-லேயே ஆர்சன் விட்னி, நமக்கென்று மில்டன்களும் ஷேக்ஸ்பியர்களும் வருவார்கள் என்று பேசினார். 1977-ல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் ஒரு நீண்ட கட்டுரையில், மார்மன் கதை இன்னும் முழுதாக எழுதப்படவோ தீட்டப்படவோ செதுக்கப்படவோ இல்லை என்று எழுதினார், அவரும் மறுமலர்ச்சி ஓவியர்களைத்தான் உதாரணம் காட்டினார். அந்தக் கட்டுரையைப் படிக்கும் ஓவியர்கள் இன்றும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், பிறகு போய்த் தாழ்வாரப் பட்டியலைப் பார்க்கிறார்கள். மைக்கேலாஞ்சலோவைச் சகித்துக்கொள்ள ஒரு இரண்டாம் ஜூலியஸ் போப் வேண்டும், சண்டை போட்டுக்கொண்டே சம்பளம் கொடுக்கிற ஒருவர்.

2021-ல் நடந்ததைப் பார்த்தால் எதிர்காலம் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த வருஷம் மார்ச் மாதம், சால்ட் லேக் கோயில் புதுப்பிப்பில் பழைய சுவர்ச் சித்திரங்கள் திரும்ப வராது என்று சபை அறிவித்தது. சாந்துச் சுவரில் நேரடியாக வரைந்தவை, தண்ணீர் இறங்கிப் பலமுறை மேல்பூச்சு கண்டவை, அகற்றினால் பிழைக்காது என்றார்கள். பாரிஸ் போய்வந்தவர்களின் வேலை அப்படிப் போனது. அதே அறிவிப்பில் யூட்டாவிலேயே மான்டை என்ற ஊரில் இருக்கும் கோயிலின் சித்திரங்களையும் அகற்றப் போவதாகச் சொன்னார்கள். மான்டையில் ஒரு பெரிய அறை முழுக்க டைகெர்ட், 1947-ல் சாரத்தில் ஏறி நின்று சில வாரங்களில் வரைந்தது, அப்போது வயது 58. பாபேல் கோபுரத்திலிருந்து தொடங்கி நாடோடிகளும் வியாபாரிகளும் சிலுவைப்போர்க்காரர்களும் அடிமையாக விற்கப்படும் யோசேப்பும் என்று உலக வரலாறு மொத்தமும் ஊர்வலம் போகும். இந்த முறை உறுப்பினர்களே எதிர்த்தார்கள், சபைக்குள் இருக்கும் சாதாரண ஆட்கள், ஓவியர்கள், டைகெர்ட் குடும்பத்தினர். மே மாதமே தலைமை முடிவை மாற்றிக்கொண்டது: சித்திரங்கள் அங்கேயே இருக்கும், கூட்டத்தைச் சமாளிக்கப் பக்கத்து ஊர் எஃப்ரைமில் புதுக் கோயில் கட்டப்படும். பணமாகக் கணக்குப் போட்டால் ஒரு வீட்டுப் பெண் வரைந்த சுவருக்காக ஒரு கோயில். இந்தச் சபையில் கீழிருந்து வந்த குரலுக்காகத் தலைமை இவ்வளவு வேகமாகத் திரும்பியது அபூர்வம், அதுவும் ஒரு ஓவியத்துக்காக.

இப்போது உயிரோடு வரைகிறவர்களில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றால் பிரையன் கெர்ஷிஸ்னிக். அவருடைய 'பிறப்பு' 2006-ல் வரைந்தது, பிரிகாம் யங் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒரு சுவரையே அடைக்கும் அளவு. வெள்ளை உடையில் தேவதைகள் ஆறு மாதிரி மேலேறிப் போகிறார்கள், கூட்டம் கூட்டமாக, எட்டிப் பார்த்துக்கொண்டே. கீழே மரியாள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். மருத்துவச்சிகள் இரண்டு பேர், ஒரு பாத்திரத்தில் பிரசவ ரத்தம் கலந்த தண்ணீர். யோசேப்பு கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இனி நான் என்ன செய்யப் போகிறேன் என்ற மாதிரி. குட்டிகளோடு ஒரு நாய், தேவதைகள் இருப்பது பூமியில் அதன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. இதில் எதுவும் ஹாஃப்மனிடமிருந்து வந்ததில்லை. உடம்புள்ள கடவுள், செத்தவர்களும் பிறக்காதவர்களும் சொந்தக்காரர்களாகப் பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்கிற நம்பிக்கை, இதெல்லாம் மார்மன்களுக்கே உரியது, அது முதல்முறையாகப் படத்தின் கட்டமைப்பாகவே மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அர்ஜென்டினாவின் ஹோர்ஹே கோக்கோ சுவிசேஷக் காட்சிகளைக் கோணத் தளங்களாக உடைத்து வரைகிறார், அவருடைய படங்கள் சபையின் பத்திரிகையிலேயே வருகின்றன. முப்பது வருஷத்துக்கு முன்னால் அது நடந்திருக்காது.

இனி வருவாரா என்ற கேள்விக்கு வருகிறேன், இது ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சபை உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இப்போது அமெரிக்காவுக்கு வெளியே. ரஸ்ஸல் நெல்சன் தலைவராக இருந்த 2018-லிருந்து 2025 வரை மட்டும் 200 புதுக் கோயில்கள் அறிவிக்கப்பட்டன, அதில் முதல் வருஷமே அறிவித்தது பெங்களூரு. நம்ம பக்கத்தில் இவர்கள் கால் வைத்தது இப்போது இல்லை, 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியர் மதராசுக்கு வந்து பத்திரிகை அச்சடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இவ்வளவு கோயில்களின் உள்சுவர்களுக்கும் படம் வேண்டும். எல்லாவற்றிலும் அதே ப்ளோக்கையும் அதே யூட்டா மலையையும் அச்சடித்து மாட்டலாம், நிர்வாகத்துக்கு அதுதான் சுலபம். அல்லது கானாவிலும் மணிலாவிலும் இருக்கும் ஓவியரைக் கூப்பிடலாம். சபையின் வரலாற்று அருங்காட்சியகம் 1987-லிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சர்வதேசப் போட்டி நடத்துகிறது. அதில் மெழுகுத்துணி ஓவியம், மரச் செதுக்கல், ஒட்டுத்துணிப் போர்வை என்று தாழ்வாரத்துக்கு ஒருபோதும் வராத பல பொருள்கள் வருகின்றன. உலகச் சபையின் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தப் போட்டி வழியாக வடிகட்டி வந்தது மட்டும்தான், ஆகவே அந்த நாடுகளில் என்ன முளைக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அது போக, பரலோகத் தாய் என்ற ஒரு நம்பிக்கை அவர்களிடம் இருக்கிறது. பிதாவுக்குத் துணையாக ஒரு தாய் உண்டு, ஆனால் பேச்சு குறைவு, அதிகாரபூர்வப் படம் என்று சொல்ல எதுவும் கிடையாது. சமீப வருஷங்களில் ஓவியர்கள், முக்கியமாகப் பெண்கள், யார் சம்மதத்துக்கும் காத்திராமல் அவளை வரைந்துகொண்டிருக்கிறார்கள். இரவல் வாங்க லூத்தரன் மூலப்படம் எதுவும் இல்லாத ஒரே இடம் அதுதான். பெரிதாக ஏதாவது வந்தால் அந்தப் பக்கமிருந்து வரும் என்பது என் பந்தயம்.

நண்பருக்குப் பரிசு: தாராளமாகக் கொடுங்கள். சிலுவை மட்டும் வேண்டாம், அவர்கள் சிலுவையை வைத்துக்கொள்வதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் மாட்டவும் மாட்டார்கள். சிவப்பு அங்கிப் படம் ஏற்கெனவே இரண்டு இருக்கும். ஒரு சனிக்கிழமை ஸ்பிரிங்வில்லுக்கும் ப்ரோவோவில் இருக்கும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கும் ஒரே சுற்றில் போய்வாருங்கள், இரண்டிலும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கே டைகெர்ட்டின் நல்ல அச்சுப்பிரதி ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் மனைவியிடம் முன்கூட்டியே சுவரின் அளவைக் கேட்டுவிடுவது நல்லது, டைகெர்ட்டின் படங்கள் சின்ன அளவில் எடுபடாது.